மலை உச்சிக் கோயிலும் இரண்டு காகிதங்களும்: எல்லைத் தகராறு எப்படிப் போராகிறது?

தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் நடுவே டாங்ரெக் என்றொரு மலைத்தொடர் ஓடுகிறது. அதன் உச்சியில், ஏறத்தாழ 525 மீட்டர் உயரமுள்ள ஒரு செங்குத்துப் பாறையின் நுனியில் ஒரு சிவன் கோயில் இருக்கிறது. கெமர் மன்னர்கள் கட்டியது. இப்போது நிற்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை 11, 12ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. இறைவன் பெயர் சிகரேஸ்வரர். கோயிலை இன்று பிரே விகார் என்கிறார்கள்.

கோயிலுக்கு ஏறும் நீண்ட படிவரிசை வடக்கே, தாய்லாந்துப் பக்கம் பார்த்து அமைந்திருக்கிறது. அந்தப் பக்கம் மெல்ல உயரும் சரிவு. தெற்கே, கம்போடியப் பக்கம், மலை கத்தியால் அறுத்த மாதிரி நேராகக் கீழே இறங்குகிறது. ஒன்றும் தெரியாத ஒருவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் இது தாய்லாந்துக் கோயில் என்றுதான் சொல்வார். ஆனால் கோயில் கம்போடியாவுக்குச் சொந்தம். 1962இல் சர்வதேச நீதிமன்றமே அப்படித் தீர்ப்புச் சொன்னது. சொல்லியும் தகராறு தீரவில்லை. 2008 முதல் 2011 வரை இரு நாட்டு ராணுவமும் அங்கே திரும்பத் திரும்பச் சுட்டுக்கொண்டன. 2025 ஜூலையில் இதே எல்லை நெடுக ஐந்து நாள் போர் நடந்தது. போர் விமானங்கள் குண்டு போட்டன, ராக்கெட்டுகள் ஊர்களில் விழுந்தன, இரு பக்கமும் சேர்த்து சுமார் 3 லட்சம் பேர் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று.

அக்கம்பக்க நாடுகள் ஒரு துண்டு நிலத்துக்காக ஏன் இந்த அளவுக்குப் போகின்றன? இந்த ஒரு மலையைச் சரியாகப் புரிந்துகொண்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

சொல், படம், கல்

நாட்டின் எல்லை மூன்று படியாக உருவாகிறது. முதலில் சொல்: எல்லை எந்த ஆற்றையும் எந்த மலை முகட்டையும் ஒட்டிப் போகிறது என்று ஒப்பந்தத்தில் எழுதுவது. அடுத்து படம்: எழுதியதை வரைபடத்தில் கோடாக இழுப்பது. கடைசியில் கல்: அந்தக் கோட்டை நிலத்தில் தேடிப்போய், அளந்து, எல்லைக்கல் நடுவது. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால் பிறகு வாக்குவாதத்துக்கு அதிகம் இடமிருக்காது. சொல் ஒன்றும் படம் இன்னொன்றும் சொன்னால், அல்லது கல் நடாமலே விட்டுவிட்டால், அந்த இடைவெளியில்தான் தகராறு முளைக்கிறது.

பிரே விகாரில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1904இல் கம்போடியா பிரான்ஸின் பிடியில் இருந்தது. தாய்லாந்துக்கு அப்போது சியாம் என்று பெயர். சியாமும் பிரான்ஸும் ஓர் ஒப்பந்தம் போட்டன. டாங்ரெக் பகுதியில் எல்லை நீர்ப்பிரிமேட்டை ஒட்டிப் போகும் என்று அதில் எழுதினார்கள். மழைநீர் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி ஒரு பக்கமும் மறு பாதி இன்னொரு பக்கமும் ஓடுகிற முகட்டு வரிக்குத்தான் நீர்ப்பிரிமேடு என்று பெயர். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு பக்க மழை கேரளத்துக்கும் மறுபக்க மழை தமிழ்நாட்டுக்கும் இறங்குவதைப் போல. காகிதத்தில் படிக்க இதைவிடத் தெளிவான எல்லை இருக்க முடியாது.

அப்புறம் படம் வந்தது. சியாமிடம் அந்தக் கால நவீன முறையில் நில அளவை செய்ய ஆள் போதவில்லை. அதனால் வரைபடங்களைத் தயாரித்துக் கொடுக்கும்படி பிரெஞ்சுக்காரர்களையே கேட்டுக்கொண்டது. 1908இல் படங்கள் வந்து சேர்ந்தன. அதில் ஒரு படத்தில் கோடு கோயிலுக்கு வடக்கே போயிருந்தது. அதாவது கோயில் கம்போடியாவுக்குள். சொல்லின்படி உண்மையான நீர்ப்பிரிமேட்டைப் பிடித்துப் போனால் கோயில் எங்களுக்குத்தான் என்பது தாய்லாந்தின் வாதம். படத்தைப் பிடித்துப் போனால் கோயில் கம்போடியாவுக்கு.

நிலப் பத்திரம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. பத்திரத்தில் எழுதிய சக்குபந்தி, அதாவது நான்கெல்லை விவரம், ஒன்று சொல்லும், சர்வே புலப்படம் வேறொன்று காட்டும். பங்காளிகள் ஆளுக்கொரு காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இருவரிடமும் காகிதம் உண்டு என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. எல்லைத் தகராறு என்றாலே ஒருவர் பொய் சொல்கிறார், இன்னொருவர் ஏமாந்தவர் என்று நாம் நினைத்துவிடுகிறோம். பல எல்லைகளில் இரண்டு பேருமே தங்கள் பக்கம் நியாயம் இருப்பதாக மனதார நம்புகிறார்கள். ஆபத்தே அங்குதான் தொடங்குகிறது.

சரி, நீதிமன்றம் எதை வைத்துத் தீர்ப்புச் சொன்னது? சியாமின் மௌனத்தை வைத்து. படங்கள் வந்தபோது சியாம் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. உள்துறை அமைச்சராக இருந்த இளவரசர் தம்ரோங் நன்றி சொல்லி, மாகாண ஆளுநர்களுக்கு அனுப்ப ஒவ்வொரு படத்திலும் இன்னும் 15 பிரதி வேண்டும் என்று கேட்டிருக்கிறார். 1930இல் அதே இளவரசர் கோயிலைப் பார்க்கப் போனபோது, பிரெஞ்சுக் கொடி பறக்க ஒரு பிரெஞ்சு அதிகாரி அவரை அங்கே வரவேற்றார். அப்போதும் மறுப்பு இல்லை. 1934, 35இல் தாய்லாந்தே எடுத்த அளவையில் படத்துக்கும் நீர்ப்பிரிமேட்டுக்கும் வித்தியாசம் இருப்பது தெரியவந்தது. அதற்குப் பிறகும் பழைய கோட்டைக் காட்டும் படங்களையே அது பயன்படுத்தி வந்தது.

1953இல் கம்போடியா விடுதலை பெற்றது. பிரெஞ்சுக்காரர்கள் போனதும், 1954இல் தாய்லாந்துப் படைகள் கோயிலில் ஏறி உட்கார்ந்தன. 1959இல் கம்போடியா வழக்குப் போட்டது. 1962 ஜூன் 15 அன்று, 9 நீதிபதிகள் ஆதரவாகவும் 3 பேர் எதிராகவும் நிற்க, கோயில் கம்போடியாவுக்கு என்று தீர்ப்பானது. ஐம்பது வருடம் படத்தை ஒப்புக்கொண்டு அதன் பலனை அனுபவித்துவிட்டு, இப்போது படம் தப்பு என்று சொல்ல முடியாது என்பதுதான் சாரம்.

தாய்லாந்து தீர்ப்புக்குக் கட்டுப்பட்டது. ஆனால் எப்படிக் கட்டுப்பட்டது தெரியுமா? தங்கள் கொடியைக் கம்பத்திலிருந்து இறக்க மனம் வரவில்லை. பறந்துகொண்டிருந்த கொடியோடு கம்பத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். எனக்கு இந்த ஒரு காட்சி பல பக்க விளக்கத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது. நிலம் கைமாறியது, மனம் மாறவில்லை.

அந்தத் தீர்ப்பில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. கோயில் யாருக்கு என்று சொன்ன நீதிமன்றம், கோயிலைச் சுற்றி எல்லைக்கோடு எந்த வழியாகப் போகிறது என்று முழுவதும் வரையறுத்துச் சொல்லவில்லை. அப்படி விடுபட்ட சுமார் 4.6 சதுர கிலோமீட்டர்தான் பிற்காலச் சண்டைகளுக்கெல்லாம் விதை.

தூங்கும் தகராறை எழுப்புவது யார்?

உலகத்தில் கல் நடாத எல்லைகள் நிறைய உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றில் போர் நடப்பதில்லை. ஆடு மேய்ப்பவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருவார், சந்தை நடக்கும், சம்பந்தம்கூட நடக்கும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இத்தனை வருடம் தூங்கிய தகராறு குறிப்பாக இந்த வருடம் ஏன் விழித்தது?

2008ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஜூலையில் யுனெஸ்கோ பிரே விகாரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. விண்ணப்பித்தது கம்போடியா. தாய்லாந்து அரசு அதற்கு ஆதரவு தெரிவித்து ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டிருந்தது. அந்த நேரத்தில் பாங்காக்கில் அரசைக் கவிழ்க்கப் பெரிய போராட்டம் நடந்துகொண்டிருந்தது. எதிர்ப்பாளர்களுக்கு இது கையில் கிடைத்த ஆயுதம்: நாட்டை விற்றுவிட்டார்கள் என்று குரல் எழுப்பினார்கள். அரசியல் சாசன நீதிமன்றமும் அந்தக் கூட்டறிக்கை செல்லாது என்றது. வெளியுறவு அமைச்சர் பதவி விலகினார். சில நாட்களுக்குள் இரண்டு நாட்டுச் சிப்பாய்களும் கோயிலருகே எதிரெதிரே குவிந்தார்கள். அக்டோபரில் சுட்டுக்கொண்டார்கள்.

அந்த வருடம் மலை ஒரு அங்குலம்கூட நகரவில்லை. மாறியது தலைநகரத்து அரசியல். எல்லைப் பிரச்சினையைப் பற்றி எந்தச் செய்தியைப் படித்தாலும், முதலில் இரண்டு தலைநகரங்களிலும் அந்த வாரம் என்ன நடக்கிறது என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

பழி ஒரு பக்கம் மட்டும் இல்லை. 2003 ஜனவரியில் கம்போடியத் தலைநகர் நோம்பென்னில் தாய்லாந்துத் தூதரகத்தையே எரித்தார்கள். கம்போடியாவின் புகழ்பெற்ற அங்கோர் கோயில் தாய்லாந்துக்குச் சொந்தம் என்று ஒரு தாய்லாந்து நடிகை சொன்னதாகப் பத்திரிகையில் செய்தி வந்திருந்தது. அவர் அப்படிச் சொல்லவே இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்தே இழந்த நிலத்தின் கதையைக் கேட்டு வளர்ந்த மக்களிடம் ஒரு வதந்தி போதும், தீப்பிடித்துவிடும்.

2025இல் நடந்ததை நாள்வரிசையில் பார்த்தால், சின்ன உரசல் போராக வளரும் விதம் கண்ணெதிரே தெரியும். மே 28, தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ் மூன்றும் சந்திக்கும் மூலைக்கு அருகே சில நிமிடத் துப்பாக்கிச் சண்டை. ஒரு கம்போடியச் சிப்பாய் இறந்தார். இரண்டு தரப்பும் எல்லைக்குக் கூடுதல் படை அனுப்பின. எல்லைக் கடவுகளை அடைத்தார்கள், வணிகத்தை நிறுத்தினார்கள். ஜூன் மத்தியில் தாய்லாந்துப் பிரதமர் பேதோங்தான் ஷினவத்ரா, கம்போடியாவின் மூத்த தலைவர் ஹுன் சென்னோடு தொலைபேசியில் பேசினார். பதற்றத்தைக் குறைக்கத்தான் பேசினார். அவரை மாமா என்று உறவுமுறை வைத்து அழைத்ததோடு, தன் நாட்டு ராணுவத் தளபதி ஒருவரைக் குறையாகவும் பேசிவிட்டார். அந்தப் பேச்சின் பதிவு வெளியே வந்தது. ஒரு கூட்டணிக் கட்சி ஆதரவை விலக்கியது, ஜூலை 1 அன்று நீதிமன்றம் அவரை இடைநிறுத்தியது, ஆகஸ்டில் பதவியே போனது. சமாதானம் பேசப் போனவரின் நாற்காலி காலியான பிறகு, பின்னால் வருபவர் யார்தான் விட்டுக்கொடுப்பதாகச் சொல்லத் துணிவார்?

ஜூலையில் தாய்லாந்துச் சிப்பாய்கள் கண்ணிவெடியில் காயமடைந்தார்கள். புதிதாகப் புதைத்தது என்றது தாய்லாந்து. உள்நாட்டுப் போர்க் காலத்து மிச்சம் என்றது கம்போடியா. ஜூலை 24 காலையில் எல்லையில் உள்ள இன்னொரு பழைய கெமர் கோயிலான தா முயென் தோம் அருகே சண்டை வெடித்தது. எதிரிதான் முதலில் சுட்டான் என்று இரண்டு பேரும் சொன்னார்கள். மலேசியப் பிரதமர் அன்வர் இப்ராஹிம் நடுவில் நின்று ஜூலை 28 அன்று சண்டை நிறுத்தம் ஏற்படுத்தினார். டிசம்பரில் அதுவும் உடைந்து மறுபடி போர் மூண்டது.

சிப்பாய்களை இவ்வளவு நெருக்கத்தில் நிறுத்துவதில் ஒரு விபரீதம் இருக்கிறது. தற்காப்புக்கென்று ஒருவர் பதுங்குகுழி வெட்டுவார். எதிரே இருப்பவருக்கு அது தாக்குதலுக்கான ஏற்பாடாகத் தெரியும். அவரும் வெட்டுவார், பீரங்கியை முன்னால் நகர்த்துவார். போர் வேண்டும் என்று யாரும் முடிவெடுக்காமலே, இருட்டில் ஒரு சிப்பாயின் பயம் அந்த முடிவை எடுத்துவிடும்.

விலை மதிப்புள்ள நிலத்துக்கா சண்டை?

எண்ணெயும் கனிமமும் இருந்தால்தான் நாடுகள் மோதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. தாய்லாந்து வளைகுடாவில் எரிவாயு உள்ள கடற்பகுதிக்காக இதே தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் தகராறு இருந்தது. 1979இல் உட்கார்ந்து பேசி, எல்லைக் கேள்வியை ஒதுக்கி வைத்துவிட்டு, கிடைப்பதை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். எரிவாயுவைப் பிரிக்கலாம், பணத்தைப் பிரிக்கலாம். மானத்தையும் கோயிலையும் பாதியாகப் பிரிக்க முடியாது. பேரம் பேச வழியில்லாத பொருள்தான் அதிகம் பயப்பட வேண்டிய பொருள்.

ஆப்பிரிக்காவின் பாத்மே இதற்கு இன்னும் துயரமான சாட்சி. எத்தியோப்பியாவுக்கும் எரித்திரியாவுக்கும் இடையே உள்ள சின்ன ஊர் அது. எண்ணெய் இல்லை, தங்கம் இல்லை. எரித்திரியா இத்தாலியின் காலனியாக இருந்தபோது 1900, 1902, 1908 ஆகிய ஆண்டுகளில் எல்லைக்கு ஒப்பந்தம் எழுதினார்கள், கல் நடவே இல்லை. 1993இல் எரித்திரியா தனி நாடானது. அதன் தலைவர் இசையாஸ் அஃபவெர்க்கியும் எத்தியோப்பியாவின் மெலஸ் செனாவியும் ஒரே சர்வாதிகாரத்தை எதிர்த்து ஒன்றாகப் போராடிய இயக்கங்களின் தலைவர்கள். நட்பு இருந்தவரை கல் தேவைப்படவில்லை. 1997இல் எரித்திரியா தனி நாணயம் வெளியிட்டது, வணிகத்தில் கசப்பு வந்தது, உடனே பாத்மே ஞாபகம் வந்தது. 1998 மே 6 அன்று அங்கே ஒரு சிறு மோதல். ஒரு வாரத்துக்குள் எரித்திரியப் படை ஊரைப் பிடித்தது. இரண்டு ஆண்டுகள் பதுங்குகுழிகளில் கிடந்து இரண்டு ஏழை நாடுகளும் பல்லாயிரம் இளைஞர்களைப் பலி கொடுத்தன.

2000 டிசம்பரில் அல்ஜியர்ஸில் ஒப்பந்தம். அதன்படி அமைந்த எல்லை ஆணையம் 2002இல் பாத்மே எரித்திரியாவுக்கு என்று சொன்னது. எத்தியோப்பியா ஊரைக் கொடுக்கவில்லை. போருக்கு முன்னால் அது ஒரு புழுதி படிந்த ஊர். போருக்குப் பின்னால் அது பிள்ளைகள் செத்த மண். கொடுத்தால் பெற்றவர்களுக்கு என்ன பதில் சொல்வது? சிந்திய இரத்தம் நிலத்தின் விலையை ஏற்றிக்கொண்டே போகும் கொடுமை இது. தீர்ப்பை ஏற்பதாக எத்தியோப்பியா சொல்ல 2018 ஆகிவிட்டது.

ஊரில் வரப்புத் தகராறு நீதிமன்றம் போனால், தீர்ப்பை நிறைவேற்ற அமீனா வருவார், கூடப் போலீஸும் வரும். நாடுகளுக்கு அமீனா கிடையாது. சர்வதேச நீதிமன்றம் இருக்கும் தி ஹேக் நகரத்து நீதிபதிகள் தீர்ப்பு எழுதலாம். நிறைவேற்ற வேண்டியது தோற்ற நாடேதான். 2013இல் சர்வதேச நீதிமன்றம் மறுபடி கூடி, கோயில் நிற்கும் குன்று முனை முழுவதும் கம்போடியாவுக்கு என்று விளக்கம் கொடுத்தது. அப்படியும் 2025 வந்ததே.

தகராறிலிருந்து வெளியே வந்த ஒரு எல்லை

தென் அமெரிக்காவில் ஈக்வடாருக்கும் பெருவுக்கும் நடந்ததைக் கேட்டால் டாங்ரெக் கதையின் மறுபிறவி போலவே இருக்கும். 1941 போருக்குப் பின் 1942இல் ரியோ டி ஜெனிரோவில் ஒப்பந்தம். சமோரா, சாந்தியாகோ என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவிலுள்ள நீர்ப்பிரிமேடுதான் எல்லை என்று எழுதினார்கள். சில ஆண்டுகளில் அமெரிக்கர்கள் விமானத்திலிருந்து படம் எடுத்தபோது, செனெபா என்ற மூன்றாவது ஆறு நினைத்ததைவிட மிக நீளமாக அந்த இடைவெளிக்குள்ளேயே ஓடுவது தெரிந்தது. நடுவில் ஆறு ஓடினால் நீர்ப்பிரிமேடு ஒன்றாக இருக்காது, இரண்டாகிவிடும். ஒப்பந்தம் சொன்ன எல்லை நிலத்தில் இல்லை என்றது ஈக்வடார். சுமார் 78 கிலோமீட்டர் கல் நடாமல் நின்றுபோனது. 1981இல் அங்கே சண்டை. 1995இல் அடர்ந்த காட்டுக்குள் மறுபடி போர்.

ஆனால் 1942 ஒப்பந்தத்துக்கு அர்ஜென்டினா, பிரேசில், சிலி, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகள் பொறுப்பேற்றிருந்தன. அவை 1995இல் முதலில் செய்தது, இரண்டு படைகளையும் பிரித்துத் தள்ளி நிறுத்தியது. பிறகு மூன்று வருடப் பேச்சு. 1998 அக்டோபர் 26 அன்று பிரேசிலியாவில் கையெழுத்தானது. கோடு பெருவின் வாதப்படி மலைமுகட்டில் போனது. ஈக்வடாருக்கு அமேசான் நீர்வழியில் கப்பல் விடும் வசதி கிடைத்தது. இரண்டு பக்கமும் காடு பாதுகாப்புப் பகுதியானது.

திவின்சா என்ற இடம் மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. ஈக்வடார் வீரர்கள் உயிரைக் கொடுத்துக் காத்த இடம், கோட்டின்படி பெருவுக்குள் வருகிறது. விட்டுவிட்டு வா என்று எந்த ஈக்வடார் தலைவராலும் சொல்ல முடியாது. எடுத்துக்கொள் என்று எந்தப் பெரு நாட்டுத் தலைவராலும் சொல்ல முடியாது. கடைசியில் அங்கே ஒரு சதுர கிலோமீட்டரைப் பெரு ஈக்வடார் அரசுக்குத் தனிச் சொத்தாக எழுதிக் கொடுத்தது. நாட்டுரிமை பெருவிடம், நிலத்தின் உடைமை ஈக்வடாரிடம். ஒருவர் பேரில் உள்ள வீட்டுமனை இன்னொரு நாட்டுக்குள் இருப்பதைப் போல. ஈக்வடார் தன் வீரர்களுக்கு அங்கே அஞ்சலி செலுத்தலாம். பிரிக்கவே முடியாது என்று நினைத்த ஒன்றைச் சட்டத்தின் ஒரு சொல்லை வைத்துப் பிரித்துவிட்டார்கள். படிக்கும்போது மனது நிறைகிறது.

அப்புறம் நில அளவையாளர்கள் காட்டுக்குள் போனார்கள். 1999 மே மாதம் அந்த எல்லையின் கடைசிக் கல்லையும் நட்டு முடித்தார்கள்.